காலைல வரைக்கும் பொறுக்கலாமா? குழந்தைக்கு காய்ச்சல், சளி, இன்ஃபெக்ஷன் அதிகமாகும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைங்க வார்டுல ஸ்டாஃப் நர்ஸா 19 வருஷம் இருந்துட்டு இப்போ வீட்ல இருக்கேன். நான் வேலைய விட்டுட்டேன், போன் என்ன விடல. எங்க அபார்ட்மெண்ட்காரங்க, சொந்தக்காரங்க, தங்கச்சியோட ஆபீஸ்ல இருக்கவங்கன்னு ராத்திரி பத்தரைக்கு மேல வர்ற போன் எல்லாத்துலயும் கடைசில ஒரே கேள்விதான் வரும், "காலைல வரைக்கும் பொறுக்கலாமாக்கா?" அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். நான் டாக்டர் இல்ல, எந்த மருந்துன்னு முடிவு பண்றது உங்க டாக்டர்தான். எப்போ பொறுக்கலாம், எப்போ செருப்ப மாட்டிட்டு கிளம்பணும்ங்கறது மட்டும்தான் இங்க.

அக்கா, 102 இருக்கு. இப்பவே கூட்டிட்டு போகணுமா?

102ன்னு மட்டும் சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வயசு என்ன, பால் தண்ணி குடிக்கிறானா, கடைசியா எப்போ ஒண்ணுக்கு போனான், மூச்சு எப்படி இருக்கு, பாராசிட்டமால் குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு எப்படி இருக்கான், இத்தனையும் சொன்னாதான் ஏதாவது சொல்ல முடியும். 103 அடிக்கும்போது எந்த பிள்ளையும் சுருண்டுதான் படுக்கும், பெரியவங்களே படுத்துடுறோம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கினதும் எழுந்து உக்காந்து பிஸ்கட் கேட்டான், தம்பிகிட்ட ரிமோட்டுக்கு சண்டை போட்டான்னா எனக்கு பாதி பயம் போயிடும். அதே 100தான் இருக்கு, ஆனா துணி மாதிரி தோள்ல துவண்டு கிடக்கு, கூப்பிட்டா கண்ண திறந்து பாத்துட்டு திரும்ப செருகுதுன்னா அந்த 100தான் எனக்கு பயம்.

இந்த பதில் 3 மாசம் தாண்டின பிள்ளைங்களுக்கு மட்டும். அதுக்கு கீழன்னா மூணாவது கேள்விக்கு நேரா போயிடுங்க.

அப்போ எதை பாத்தா யோசிக்காம கிளம்பணும்?

குடிக்கவோ தாய்ப்பால் இழுக்கவோ முடியல. குடுக்கறது எல்லாமே, ஒரு ஸ்பூன் தண்ணி கூட நிக்காம, வாந்தியா வருது. வலிப்பு வந்துருச்சு. தூக்கத்துல இருந்து சரியா எழுப்ப முடியல, இல்ல எழுப்பினாலும் ஆளையே பாக்க மாட்டேங்குது. இந்த நாலும் எங்களுக்கு ட்ரெயினிங்ல முதல்ல சொல்லிக் குடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தோட வழிமுறைல 5 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு பொதுவான ஆபத்து அறிகுறின்னு இதைத்தான் போட்டிருக்காங்க. கிராமத்து நர்ஸ்ல இருந்து எல்லாரும் இதை வச்சுதான் பாக்குறோம்.

அதோட என் கணக்குல இன்னும் கொஞ்சம் இருக்கு. மூச்சு விட நெஞ்சு உள்ள போய் குழி விழுறது, உதடு நாக்கு நீலம் பாரிக்கிறது, உடம்பு கொதிக்க கை கால் மட்டும் ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருந்து தோல் திட்டு திட்டா வெளிறிப் போறது, கழுத்த முன்னாடி குனிய முடியாம விறைப்பா இருக்கறது, பச்சை குழந்தைக்கு உச்சிக்குழி புடைச்சுக்கிறது, அழுகை வழக்கமான அழுகையா இல்லாம முனகலாவோ கீச்சுன்னோ மாறுறது. இதுல ஒண்ணு இருந்தாலும் மீதி கேள்வி எல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம், கிளம்புங்க.

பிறந்து 40 நாள்தான் ஆகுது, லேசா சுடுது. கை மருந்து குடுத்து ஒரு நாள் பாக்கலாமா?

வேண்டாம். 3 மாசத்துக்குள்ள 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டாலே அன்னைக்கே, அந்த நேரமே டாக்டர் பாக்கணும், அது ராத்திரி 2 மணியா இருந்தாலும் சரி. இவ்ளோ சின்ன பிள்ளைக்கு ரத்தத்துலயோ மூளைக்காய்ச்சலாவோ யூரின்லயோ கிருமி இருந்தா வெளில பெருசா ஒண்ணும் காட்டாது, பால் கொஞ்சம் குறைச்சு குடிக்கும், அவ்ளோதான் தெரியும். பாராசிட்டமால் குடுத்து இறக்கிட்டு "இப்போ சரியாயிடுச்சு"ன்னு இருந்துடாதீங்க.

சில பச்சை குழந்தைக்கு இன்ஃபெக்ஷன்ல காய்ச்சலே வராது, உடம்பு ஜில்லுன்னு ஆயிடும். நல்லா போத்தி நெஞ்சோட அணைச்சு வச்சும் 96க்கு மேல ஏறலன்னா அதுவும் அவசரம்தான். 3 வேளை பால் வேண்டாம்னு திரும்பிக்கிச்சுன்னா, தொட்டா மட்டும் அசையுதுன்னா, தர்மாமீட்டர் என்ன சொன்னாலும் போயிடுங்க.

தர்மாமீட்டர் எங்க வைக்கணும்? கை வச்சு பாத்தா போதாதா?

கை வச்சு பாத்தா நம்ம கை ஜில்லுன்னு இருந்தா சுடும், சுட்டுட்டு இருந்தா சுடாது. 200 ரூபா டிஜிட்டல் தர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. அக்குள்ல வேர்வைய துடைச்சுட்டு, முனை தோல்ல நல்லா படுற மாதிரி வச்சு கைய மூடி பீப் சத்தம் வர்ற வரைக்கும் பிடிங்க. போத்தி கட்டி வச்சிருந்தா பிரிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு பாருங்க. நெத்திக்கு நேரா காட்டுற துப்பாக்கி மாதிரி இருக்குமே, அது கடை வாசலுக்கு சரி.

மூச்சு வேகமா வாங்குதுன்னு சொல்றாங்களே, எவ்ளோ வேகம்?

இதுக்கு கணக்கு இருக்கு. போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, சட்டைய தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணுன்னு முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க, குழந்தை மூச்சு விட்டு விட்டு வரும், தப்பாயிடும். அழும்போது எண்ணக்கூடாது, தூங்கும்போது எண்றதுதான் சுலபம். 2 மாசத்துக்கு கீழ 60ம் அதுக்கு மேலயும், 2 மாசத்துல இருந்து 1 வயசு வரைக்கும் 50ம் அதுக்கு மேலயும், 1 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் 40ம் அதுக்கு மேலயும் வந்தா அது வேகமான மூச்சு, நிமோனியாவான்னு டாக்டர் பாக்கணும்.

காய்ச்சல் ஏறினாலே மூச்சும் கொஞ்சம் வேகமாகும்தான். அதனால காய்ச்சல் இறங்கினதுக்கப்புறம் திரும்ப எண்ணுங்க, அப்பவும் அதே எண்ணிக்கைன்னா அன்னைக்கே காட்டிடுங்க. ஆனா மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு கீழ குழி விழுது, மூக்கு புடைச்சு புடைச்சு வருது, ஒவ்வொரு மூச்சுக்கும் "ம்ம்... ம்ம்"னு முனகுதுன்னா திரும்ப எண்ணிட்டு இருக்காதீங்க, போங்க.

கர் கர்னு சத்தம் கேக்குது, நெஞ்சு முழுக்க சளி கட்டிக்கிச்சா?

பத்துக்கு ஏழெட்டு தடவை அந்த சத்தம் மூக்குல இருந்து வர்றதுதான். முதுகுல கை வச்சா அதிருது, உடனே நெஞ்சு சளின்னு பயந்துடுறாங்க. உப்புத்தண்ணி சொட்டு மருந்து, அதான் சலைன் ட்ராப்ஸ், மூக்குல விட்டு பால் குடுத்து பாருங்க, பாதி சத்தம் போயிடும். சத்தம் அதிகமா இருக்கறதுனால ஆபத்து அதிகம்னு இல்ல. சத்தமே இல்லாம வேகமா மூச்சு வாங்குற பிள்ளைக்குதான் நிஜமா நிமோனியா இருக்கலாம்.

பயப்பட வேண்டிய சத்தம் வேற. அழாம அமைதியா இருக்கும்போதே மூச்சு உள்ள இழுக்கையில கீச்சுன்னு வர்ற சத்தம், நாய் குரைக்கிற மாதிரி இருமலோட மூச்சு திணறல், எச்சில் கூட முழுங்க முடியாம வாயில வழிய முன்னாடி சாஞ்சு உக்காந்துக்கிறது. இதுல வாய திறந்து ஸ்பூன வச்சு தொண்டைய பாக்காதீங்க, படுக்க வைக்காதீங்க, அது எப்படி உக்காந்திருக்கோ அப்படியே மடில வச்சு தூக்கிட்டு போங்க.

தேங்காய் எண்ணெய்ல கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தேய்க்கிறதும் வேண்டாம். கற்பூரம் சின்ன பிள்ளைக்கு விஷம், வலிப்பே வரும். ஆவி பிடிக்க வச்சு வெந்நி கொட்டி வந்த பிள்ளைங்கள வார்டுல நான் எத்தனையோ பாத்துட்டேன்.

கோவிட் டைம்ல வாங்கின ஆக்சிமீட்டர் இருக்கு, 93 காட்டுது, போகணுமா?

பெரியவங்க விரலுக்கு செஞ்ச கிளிப்பு அது, சின்ன விரல்ல நழுவும், கை ஜில்லுன்னு இருந்தாலும் ஆட்டினாலும் தப்பா காட்டும். பெரிய பிள்ளையா இருந்து, கைய சூடா தேய்ச்சு வச்சு, ஒரு நிமிஷம் நிலையா 94க்கு கீழயே நிக்குதுன்னா போங்க, 90க்கு கீழன்னா 108. ஆனா 98 காட்டுது, நெஞ்சு குழி விழுதுன்னா மெஷின நம்பாதீங்க, நெஞ்ச நம்புங்க.

பாராசிட்டமால் குடுத்தும் இறங்க மாட்டேங்குது, அடுத்து மெஃப்டால் குடுக்கலாமா?

முதல்ல எவ்ளோ குடுத்தீங்கன்னு பாப்போம். வழக்கமா ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு, 4ல இருந்து 6 மணி நேர இடைவெளில, 24 மணி நேரத்துல 4 வேளைக்கு மேல போகக்கூடாது. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். பாட்டில்லதான் வம்பே இருக்கு. ஒரு எம்எல்ல 100 மில்லிகிராம் இருக்கற ட்ராப்ஸ்னா 1.5 எம்எல், 5 எம்எல்ல 125 இருக்கற சிரப்புன்னா 6 எம்எல், 5 எம்எல்ல 250 இருக்கற சிரப்புன்னா 3 எம்எல். பேரு எல்லாம் ஒண்ணாதான் இருக்கும். அந்த 125 சிரப்போட எம்எல் அளவ ட்ராப்ஸ்ல குடுத்தா நாலு மடங்கு போயிடும், ஈரல் கெட்டுடும். பாதி அளவு குடுத்துட்டு இறங்கலன்னு வர்றவங்களும் நிறைய.

சரியா குடுத்தாலும் ஒன்றரை, ரெண்டு டிகிரிதான் இறங்கும். 104 இருந்தது 102 ஆனா மருந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். மெஃப்டால், ஐபுப்ரோஃபென் எல்லாம் டெங்கு சீசன்ல சொந்தமா குடுக்கவே வேண்டாம், ரத்தக்கசிவ அதிகமாக்கிடும். ஆஸ்பிரின் பிள்ளைங்களுக்கு எப்பவும் கூடாது. ஐஸ் தண்ணி ஒத்தடமும் வேண்டாம், உடம்பு நடுங்கி சூடு இன்னும் ஏறும்.

காய்ச்சல்ல ஜன்னி வந்துருச்சு, கை கால் வெட்டுது! என்ன பண்றது?

தரைல ஒருக்களிச்சு படுக்க வைங்க, மணி பாருங்க. வாய்க்குள்ள விரலோ ஸ்பூனோ தண்ணியோ விடாதீங்க, கைல சாவிக்கொத்து திணிக்கிறதால ஒண்ணும் நிக்காது, அது தானா நிக்கிற நேரத்துல நம்ம சாவி குடுத்திருப்போம், அவ்ளோதான். 5 நிமிஷம் தாண்டினா 108. அதுக்குள்ள நின்னாலும், முதல் தடவைன்னா கட்டாயம் ஆஸ்பத்திரி.

6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் நூத்துல 2ல இருந்து 5 பிள்ளைங்களுக்கு காய்ச்சல் வலிப்பு வரும், பெரும்பாலும் மூளைக்கு எதுவும் ஆகாது. ஆனா அது வெறும் காய்ச்சல் வலிப்பா மூளைக்காய்ச்சலான்னு வீட்ல உக்காந்து சொல்ல முடியாது. நின்னு அரை மணி நேரம் ஆகியும் தெளியல, ஒரே நாள்ல ரெண்டாவது தடவை வருது, ஒரு பக்க கை கால் மட்டும் வெட்டுதுன்னா இன்னும் சீக்கிரம்.

வாந்தி பேதி, ஆனா ட்ரிப்ஸ் போடணுமான்னு எப்படி தெரியும்?

டயப்பர எடுத்துட்டு துணில படுக்க வைங்க, அப்போதான் ஒண்ணுக்கு போறது தெரியும். 6ல இருந்து 8 மணி நேரம் ஒண்ணுக்கே போகல, அழுதா கண்ணீர் வரல, கண்ணு குழி விழுந்திருக்கு, வாய் காஞ்சிருக்கு, வயித்து தோல கிள்ளி விட்டா டக்குனு போகாம மெதுவா படியுது, இதெல்லாம் தண்ணி வத்திப்போறதோட அடையாளம். ஆவலா தண்ணிய பிடுங்கி குடிக்குதுன்னா இன்னும் நேரம் இருக்கு, குடிக்கவே சுரத்து இல்லன்னா நேரம் இல்ல. மலத்துல ரத்தம், பச்சையா பித்த வாந்தி, வயிறு கல்லு மாதிரி உப்புறது, இதுக்கும் உடனே.

ஓஆர்எஸ் பாக்கெட்ல எத்தனை தண்ணின்னு போட்டிருக்கோ அத்தனையும் ஊத்துங்க. பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 எம்எல்லுக்கு. பெரிய பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கரைச்சு குடுத்தா உப்பு ஏறி ஆபத்து. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனா ஊட்டுங்க. பேதிய நிறுத்துற மாத்திரை பிள்ளைங்களுக்கு கூடாது. ஜிங்க் 14 நாள் குடுக்கச் சொல்வாங்க, பேதி நின்னதும் நிறுத்திடாதீங்க.

மாமியார் உச்சி விழுந்திருக்கு, தொக்கு எடுக்கணும்ங்கறாங்க. போகலாமா?

உச்சிக்குழி உள்ள போயிருக்குன்னு உங்க மாமியார் பாத்தது சரிதான், அவங்க கண்ண நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது மேல சொன்ன தண்ணி வத்திப்போற அடையாளம்தான், தூக்கிவிட்டா ஏறாது, தண்ணி போனாதான் ஏறும். தொக்கு எடுக்கறேன்னு தொண்டைல விரல விட்டோ ஊதியோ பண்றதுல புண்ணாகும், புரையேறும். உரம் எடுக்கறேன்னு தலைகீழா குலுக்குறதும் அப்படித்தான்.

வீட்ல சண்டை போட்டு ஜெயிக்க நேரம் இல்லன்னா நான் ஒண்ணு சொல்லுவேன், "அத்தை, மந்திரிச்சு விபூதி போட்டுக்கலாம், போற வழிலயே போட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரி போயிடலாம்." விபூதியால எந்த பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது.

பல் முளைக்குது, அதான் காய்ச்சல்னு சொல்றாங்களே?

பல் முளைச்சா எச்சில் வடியும், கடிக்கும், சிணுங்கும். 100.4க்கு மேல காய்ச்சல் வராது. வந்தா வேற காரணம் தேடணும்.

மூணு நாளா காய்ச்சல், சளி இருமல் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கான். பொறுக்கலாமா?

சளி இருமலோட வர்ற வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூணு நாலு நாள்ல இறங்க ஆரம்பிச்சிடும். மூணாவது நாளும் அதே அளவுல அடிக்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, அவசரமா ராத்திரியே வேண்டாம், காலைல போதும். சளியே இல்லாத காய்ச்சல்னா, அதுவும் 2 வயசுக்குள்ளன்னா, யூரின் டெஸ்ட் எடுக்கணுமான்னு நீங்களே கேளுங்க. யூரின் இன்ஃபெக்ஷன் சின்ன பிள்ளைங்களுக்கு வெறும் காய்ச்சலாதான் தெரியும்.

இன்னொண்ணு, காய்ச்சல் விட்டு ஒண்ணு ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு திரும்ப ஏறினா அது முதல் காய்ச்சலோட மிச்சம்தான்னு விட்டுடாதீங்க. ஃப்ளூவுக்கு அப்புறம் நிமோனியா, சளிக்கு அப்புறம் காதுல சீழ், இப்படி அடுத்த கிருமி உள்ள வந்திருக்கலாம். அதுக்கு இன்னொரு மூணு நாள் கணக்கு போட்டு உக்காராதீங்க.

காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா பிள்ளை டல்லாவே இருக்கு. சோர்வுதானே?

செப்டம்பர்ல இருந்து மழை முடியுற வரைக்கும் இந்த கேள்விதான் எனக்கு தூக்கத்த கெடுக்கும். டெங்குல ஆபத்தான நேரம் காய்ச்சல் அடிக்கும்போது இல்ல, காய்ச்சல் இறங்குற நேரம். மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள காய்ச்சல் விடும், அந்த 24ல இருந்து 48 மணி நேரத்துலதான் ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வெளில போய் பிரஷர் விழும். அம்மா பாவம், தர்மாமீட்டர்ல 98 பாத்து சாமிக்கு விளக்கேத்திட்டு இருப்பாங்க.

வைரஸ் காய்ச்சல் விட்டா பிள்ளை பசிக்குதுங்கும். காய்ச்சல் விட்டும் வயித்து வலி, விடாத வாந்தி, மூக்குலயோ ஈறுலயோ ரத்தம், கருப்பா மலம், கை கால் ஜில்லு, ஒரே எரிச்சல் இல்ல ஒரே மயக்கத் தூக்கம், ஒண்ணுக்கு குறைஞ்சு போச்சு, இதுல ஏதாவது இருந்தா காலைல வரைக்கும்ங்கற பேச்சே கிடையாது. விரல் நுனிய 5 செகண்ட் அழுத்தி விட்டு பாருங்க, வெளுத்த இடம் 2 செகண்ட்ல சிவக்கணும், 3 செகண்ட் தாண்டியும் வெளுப்பாவே இருந்தா கிளம்புங்க.

பிளேட்லெட் 90 ஆயிரம்னு வந்திருக்கு. பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு குடுக்கட்டுமா?

பிளேட்லெட் எண்ண மட்டும் பாத்துட்டு ஓடாதீங்க, அது மட்டும் பாத்துட்டு உக்காரவும் செய்யாதீங்க. பிளேட்லெட் குறைய குறைய ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணு எவ்ளோ பங்குங்கற கணக்கு, ஏறுதான்னுதான் டாக்டர் பாப்பாங்க, ஏறுனா நீர் கசியுதுன்னு அர்த்தம். நிலவேம்பு குடிநீர் குடிக்கிறவங்க குடிங்க, ஆனா அதை குடிச்சாச்சுங்கற தைரியத்துல மேல சொன்ன அறிகுறிய விட்டுடாதீங்க. பப்பாளி இலைச் சாறு கசப்புல பிள்ளை வாந்தி எடுக்கும், அப்புறம் அது டெங்கு வாந்தியா சாறு வாந்தியான்னு டாக்டருக்கும் தெரியாது. கஞ்சி, இளநி, ஓஆர்எஸ் போய்ட்டே இருக்கட்டும்.

டெங்குவான்னு பாக்க முதல் அஞ்சு நாளுக்குள்ள என்எஸ்1ங்கற ரத்த டெஸ்ட், அதுக்கப்புறம் ஐஜிஎம் டெஸ்ட். முதல் நாள் நெகட்டிவ் வந்துருச்சுன்னு அஞ்சாவது நாள் வரைக்கும் நிம்மதியா இருக்க முடியாது.

எல்லா டெஸ்டும் நெகட்டிவ், ஏழு நாளா விடல, ஆன்டிபயாடிக்கும் கேக்கல?

பிள்ளைய முழுசா அவுத்து வெளிச்சத்துல பாருங்க. அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு கட்டுற இடம், காதுக்கு பின்னாடி, விதைப்பை. சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு, வலியே இருக்காது. இருந்தா ஸ்க்ரப் டைபஸ், நம்ம ஊர்ல உண்ணிக்காய்ச்சல்னு சொல்றது, மழையும் குளிரும் இருக்கற மாசத்துல தமிழ்நாட்டுல நிறைய வரும். வழக்கமா குடுக்குற அமாக்ஸிசிலின் வகை இதுக்கு கேக்காது, டாக்ஸிசைக்ளின் இல்ல அசித்ரோமைசின் குடுத்தா ரெண்டு நாள்ல விடும். கவனிக்காம விட்டா நுரையீரல், மூளைன்னு போகும். பொருக்கு இல்லாமலும் இது வரும்ங்கறதையும் நினைப்புல வச்சுக்கோங்க.

5 நாளுக்கு மேல காய்ச்சல், ரெண்டு கண்ணும் பீளை இல்லாம சிவந்திருக்கு, உதடு வெடிச்சு சிவப்பு, கை கால் வீக்கம்னா கவாசாகி நோயான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, இதயத்த பாதிக்கிற நோய் அது.

அம்மை போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகக்கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க.

வேப்பிலை கட்டுங்க, மஞ்சத்துணி விரிங்க, அம்மா வந்திருக்கான்னு கும்பிடுங்க, எங்க வீட்லயும் அப்படித்தான். தனியா படுக்க வைக்கிற பழக்கமே மத்த பிள்ளைங்களுக்கு பரவாம இருக்கத்தானே. ஆனா கொப்புளம் ஒண்ண சுத்தி செவந்து சூடா வீங்கி வலிக்குது, நாலு நாள் ஆகியும் காய்ச்சல் விடல, இல்ல விட்ட காய்ச்சல் திரும்ப வந்துருச்சு, மூச்சு வாங்குது, நடக்கையில தள்ளாடுது, இதெல்லாம் தலைக்கு ஊத்துற வரைக்கும் காத்திருக்காது. கொப்புளத்து வழியா உள்ள போற கிருமி ஒரே ராத்திரில சதைக்குள்ள இறங்கும். அம்மைல ஐபுப்ரோஃபென் குடுக்காதீங்க, அது இந்த இன்ஃபெக்ஷன மோசமாக்கும். பிரசவத்துக்கு 5 நாள் முன்னாடில இருந்து 2 நாள் பின்னாடி வரைக்கும் தாய்க்கு சின்னம்மை போட்டா பச்சை குழந்தைக்கு உடனே டாக்டர் வேணும், குழந்தைக்கு ஒண்ணும் தெரியலன்னாலும்.

தட்டம்மை, மணல்வாரின்னா மூச்சு எண்ணிக்கைய தினமும் பாருங்க, அதுல நிமோனியாதான் பெரிய வில்லன்.

கால்ல கட்டி, சுத்தி செவந்திருக்கு. மஞ்சள் பத்து போட்டா போதுமா?

செவப்போட ஓரத்துல பால்பாயிண்ட் பேனாவால கோடு போட்டு மணிய எழுதி வைங்க. நாலஞ்சு மணி நேரத்துல கோட்ட தாண்டுச்சுன்னா, காய்ச்சலும் சேந்துச்சுன்னா, கோடு கோடா சிவப்பு மேல ஏறுதுன்னா காலைல வரைக்கும் பொறுக்காதீங்க. பாக்கறதுக்கு கொஞ்சமா செவந்திருந்து வலி மட்டும் தாங்க முடியாம கத்துதுன்னா அது இன்னும் மோசம், உள்ள ஆழத்துல பரவுது.

இடத்தையும் பாருங்க. கண்ண சுத்தி வீங்கி, கண்ணு பிதுங்கி, அசைச்சா வலின்னா அன்னைக்கே. காதுக்கு பின்னாடி எலும்பு வீங்கி காது முன்னாடி தள்ளிக்கிட்டு நின்னாலும் அன்னைக்கே. அடிபடாம காய்ச்சலோட நொண்டுறது, டயப்பர் மாத்துறப்போ ஒரு கால மட்டும் தொட விடாம கத்துறது, இது மூட்டுக்குள்ள சீழா இருக்கலாம், ஒரு நாள் தாமதத்துல மூட்டே போயிடும்.

உடம்புல சிவப்பு புள்ளி வந்திருக்கு, அலர்ஜியா?

கண்ணாடி டம்ளர எடுத்து புள்ளி மேல வச்சு அழுத்தி அதுக்குள்ள பாருங்க. அழுத்தினா மறைஞ்சா பெரும்பாலும் சாதாரணம். மறையாம அப்படியே தெரிஞ்சு, காய்ச்சலும் இருந்தா, அது தோலுக்குள்ள ரத்தம் கசியுற புள்ளி, டெங்குவோ மூளைக்காய்ச்சல் கிருமியோ எதுவா வேணா இருக்கலாம், உடனே போங்க. கருத்த பிள்ளைங்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கண் இமைக்கு உள்பக்கம் பாருங்க.

ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு ஒரு நாள் ஆச்சு, இன்னும் காய்ச்சல் இருக்கே?

காய்ச்சல் விட 48 மணி நேரம் ஆகலாம், அதுக்குள்ள டாக்டர மாத்தி மருந்த மாத்தி ஓடாதீங்க. ஆனா 48 மணி நேரம்னு சொன்னது அதே நிலைமைல இருக்கற பிள்ளைக்கு, மோசமாகிட்டு வர்ற பிள்ளைக்கு இல்ல. ரெண்டாவது கேள்வில சொன்ன அடையாளம் வந்தா, மருந்து ஆரம்பிச்சு 6 மணி நேரம்தான் ஆகியிருந்தாலும் உடனே திரும்பப் போகணும். போன தடவை மிச்சமிருந்த பாட்டில ஆரம்பிக்கிறது வேண்டவே வேண்டாம், பொடில தண்ணி கலந்த சிரப்பு பெரும்பாலும் 7 நாள்தான் தாங்கும்.

மெடிக்கல்ல இருமல் சிரப் வாங்கி குடுத்துட்டு ரெண்டு நாள் பாக்கலாமா?

2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப்புல டைஎதிலீன் கிளைக்கால்ங்கற விஷ ரசாயனம் கலந்திருந்து சின்னச் சின்ன பிள்ளைங்க கிட்னி போய் இறந்தாங்க, அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அந்த சம்பவத்த விட்டுட்டு பாத்தாலும் சின்ன பிள்ளைங்களுக்கு இருமல் சிரப்பால பெரிய பிரயோஜனம் இல்ல. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்து 4 வயசுக்கு கீழ கூடாதுன்னு 2023லயே மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிடுச்சு. 1 வயசு தாண்டினா ராத்திரி ஒரு ஸ்பூன் தேன் போதும், அதுக்கு கீழ தேனும் கூடாது. எந்த மருந்து குடுத்ததுக்கு அப்புறமும் ஒண்ணுக்கு குறைஞ்சா, வாந்தி வந்தா, பாட்டிலோட ஆஸ்பத்திரி போங்க.

ஒன்றரை மாசத்துல தடுப்பூசி போட்டோம், ராத்திரி 101. இப்போ உங்க மூணு மாச ரூல் என்னாகும்?

நல்லா மடக்கிட்டீங்க. பென்டாவலென்ட் ஊசிக்கு அப்புறம் 24 மணி நேரம், சில பிள்ளைக்கு 48 மணி நேரம் வரைக்கும் காய்ச்சல் வரும். அந்த நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு, பால் நல்லா குடிச்சு, முழிச்சு பாத்து, காய்ச்சலும் இறங்கிட்டு வந்துச்சுன்னா, ஊசி போட்ட ஆஸ்பத்திரில சொன்ன அளவு பாராசிட்டமால் குடுத்து, டாக்டர்கிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு பாத்துக்கலாம். 48 மணி நேரம் தாண்டியும் இருந்தா, பால் குறைஞ்சா, இல்ல ஊசிக்கு முன்னாடியே லேசா உடம்பு சரியில்லன்னா ரூல் அப்படியே இருக்கு.

என் பையனுக்கு நெஃப்ரோட்டிக் (யூரின்ல புரோட்டீன் போற கிட்னி நோய்), ஸ்டீராய்டு ஓடுது. மேல சொன்னதெல்லாம் அவனுக்கும்தானா?

இல்ல, அவனுக்கு வேலி இன்னும் முன்னாடியே இருக்கு. ஸ்டீராய்டு, கீமோ, பிறவி இதய நோய், மண்ணீரல் எடுத்தது, இந்த பிள்ளைங்களுக்கு 100.4 வந்தாலே அன்னைக்கே அவங்கள பாக்குற டாக்டருக்கு போன். நெஃப்ரோட்டிக் பிள்ளை வயித்து வலியும் காய்ச்சலும்னு சொன்னா வயித்துக்குள்ளயே கிருமி போயிருக்கலாம், நேரா ஆஸ்பத்திரி. ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தவும் கூடாது.

108க்கு போடணுமா, பைக்லயே போயிடலாமா? எந்த ஆஸ்பத்திரி?

மூச்சு திணறல், வலிப்பு நிக்கல, மயக்கம்னா 108, வண்டிலயே ஆக்சிஜன் இருக்கு. போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவங்க சொல்றத கேட்டுக்கிட்டே இருங்க. மத்ததுக்கு ஆட்டோ, கார் எது முதல்ல கிடைக்குதோ அது. ஓட்டுறவர் ஒருத்தர், பிள்ளைய பாக்குறவர் ஒருத்தர், தனியா பின்னாடி சீட்ல படுக்க வச்சுட்டு நீங்களே ஓட்டாதீங்க.

ராத்திரி 12 மணிக்கு தெரு முனை கிளினிக் வாசல்ல பெல் அடிச்சு அரை மணி நேரம் போன கதைங்க எத்தனையோ. எந்த ஆஸ்பத்திரில ராத்திரிலயும் குழந்தை டாக்டரும் குழந்தைங்க ஐசியூவும் இருக்குன்னு பிள்ளை நல்லா இருக்கும்போதே விசாரிச்சு வைங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல 24 மணி நேரமும் இருப்பாங்க, சென்னைல எழும்பூர்ல குழந்தைங்களுக்குன்னே தனியா அரசு ஆஸ்பத்திரி இருக்கு. அவசரம் இல்ல, சந்தேகம்தான்னா 104ங்கற அரசு மருத்துவ ஆலோசனை நம்பருக்கு போன் பண்ணி கேக்கலாம்.

அங்க போனா பதட்டத்துல எல்லாம் மறந்துடுது. என்ன சொல்லணும்?

கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல டைப் பண்ணிக்கோங்க: எடை, காய்ச்சல் ஆரம்பிச்ச நாளும் நேரமும், கடைசி பாராசிட்டமால் எத்தனை மணிக்கு எத்தனை எம்எல், கடைசியா ஒண்ணுக்கு போன நேரம், வேற என்ன மருந்து, என்ன அலர்ஜி. பாட்டில்கள போட்டோ எடுக்காதீங்க, பையில போட்டு எடுத்துட்டே போங்க. தடுப்பூசி அட்டையும். மூச்சு வாங்குறது, வலிப்பு இதெல்லாம் ஒரு 20 செகண்ட் வீடியோ இருந்தா டாக்டருக்கு நீங்க சொல்ற பத்து வாக்கியத்த விட அது உதவும், அங்க போனதும் பிள்ளை சமத்தா சிரிச்சுட்டு நிக்கும் பாருங்க.

மதியம் பாத்துட்டு வைரல்னு அனுப்பிட்டாங்க. இப்போ ராத்திரி மோசமா இருக்கு. திரும்பப் போனா திட்டுவாங்களோ?

மதியம் டாக்டர் பாத்தது மதியத்து பிள்ளைய. அவங்க சொன்னது அப்போ சரியாவே இருந்திருக்கும். ஆறு மணி நேரத்துல மூச்சு 36ல இருந்து 54 ஆனத அவங்க பாக்கல, நீங்க பாத்தீங்க. கேஷுவால்டில போய் "மதியம் வந்தோம், அதுக்கப்புறம் இது இது மாறியிருக்கு"ன்னு ஆரம்பிங்க, "என்னமோ பயமா இருக்கு"ன்னு மட்டும் ஆரம்பிச்சா கூட்டத்துல அது காதுல விழாது.

ஒரு நைட் டியூட்டில ஒரு பொண்ணு ஒரே நாள்ல மூணாவது தடவையா வந்து நின்னா, காலேஜ் முடிச்ச வயசுதான் இருக்கும். எனக்கே லேசா சலிப்பு வந்துச்சு, மறைக்க மாட்டேன். "அக்கா, இவ அழுற சத்தம் மாறியிருக்கு, இது எங்க பாப்பா அழுகை இல்ல"ன்னா. உச்சிக்குழில கை வச்சு பாத்தேன், புடைச்சிருந்துச்சு. மூளைக்காய்ச்சல். பதினாறு நாள் இருந்து அவளே தூக்கிட்டு நடந்து போனா.